மூணாவது சுழி

சுப்புராஜுக்குக் கோபம் வந்துதான் படம் வரைய வந்தது. ஆசைப்பட்டு வரையத் தொடங்குகிறவர்கள் இருப்பார்கள். பிறக்கும்போதே பென்சிலோடு பிறந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்களும் இருப்பார்கள். இவன் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. கொச்சியில் மட்டாஞ்சேரி பசார் ரோட்டில் மிளகுச் சாக்குகளுக்கு மார்க்கு போடுகிறவன். தகரத்தில் வெட்டிய அச்சைச் சாக்கின் மேல் அமுக்கிப் பிடித்து, கறுப்பு மையில் தோய்த்த பிரஷ்ஷை ஒரு இழுப்பு இழுத்தால் ஒரு முக்கோணம் விழும். அதற்குக் கீழே ஏதோ ஒரு துறைமுகத்தின் பேர் இங்கிலீஷில் விழும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே முக்கோணம், அதே பேர்கள். அந்த ஊர்களெல்லாம் எந்தத் திசையில் இருக்கின்றன என்றுகூட அவனுக்குத் தெரியாது.

கம்பெனிக்கு நீளமாக ஒரு பேர் உண்டு. பசாரில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. முக்கோணக் கம்பெனி என்றால்தான் கைவண்டிக்காரனுக்கும் தெரியும், வள்ளக்காரனுக்கும் தெரியும்.

1974-ல் ஒரு மத்தியானம். எர்ணாகுளத்துக் கரையிலிருந்து படம் வரையப் படிக்கிற பிள்ளைகள் பதினைந்து பேர் படகேறி வந்து, பசார் ரோட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மடியில் பலகை, பலகையில் வெள்ளைத் தாள். பழைய கோடவுன்களை வரைய வந்திருந்தார்கள். ஓடு, மரச் சட்டம், வளைவு வைத்த வாசல், காரை உதிர்ந்த சுவர் என்று பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனார்கள். முக்கோணக் கம்பெனி வாசல் வளைவுக்குக் கீழே அப்போது ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து மிளகு புடைத்துக்கொண்டிருந்தார்கள். கூட வந்த வாத்தியார் நேரே வந்து, வளைவு மறைக்கிறது, கொஞ்ச நேரம் எழுந்து அந்தப் பக்கம் போய் இருங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் சுப்புராஜுக்கு இன்னும் எரிச்சல். அதட்டியிருந்தால் பதிலுக்கு அதட்டியிருக்கலாம்.

பெண்கள் எழுந்தார்கள். எழுந்து பழகினவர்கள். பேச்சியம்மாள் மட்டும் முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, மார்க்கு போட்டுக்கொண்டிருந்த சுப்புராஜைப் பார்த்துக் கேட்டாள்: "ஏல சுப்புராசு, அவுக செவத்தத்தான வரையுதாக? செவரு எங்கயும் ஓடிப் போவாதுல்லா? எங்கள எதுக்கு எந்திரிக்கச் சொல்லுதாக?"

சுப்புராஜ் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தான். அந்தச் சுவர் நூறு வருஷமாக நிற்கிறதென்றால், அதற்குள் மூட்டை ஏற்றியும் இறக்கியும் புடைத்தும் பொறுக்கியும் அதை நிற்க வைத்தது யார்? இவர்களை எழுப்பிவிட்டு இவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தை வரைகிறார்களாம், அதற்குப் பேர் சரித்திரமாம். பிள்ளைகள் போனதும் சுப்புராஜ் ஒரு பழுப்புத் தாளைக் கிழித்தான். சாக்கு மையையும் மெல்லிய பிரஷ்ஷையும் எடுத்தான். பேச்சியம்மாளை அதே வளைவுக்குக் கீழே உட்காரச் சொல்லி, வளைவை விட்டுவிட்டு அவளை மட்டும் வரைந்தான். கண் கோணலாக வந்தது, கை கரண்டி மாதிரி வந்தது. ஆனால் அது பேச்சியம்மாள்தான் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

அவளுக்கு மட்டும் திருப்தியில்லை. மிளகுத் தூசிக்குப் பயந்து தலையோடு சேர்த்து மூக்கையும் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு உட்காருவதுதான் புடைக்கிறவர்களின் வழக்கம். படத்தில் அப்படியே வந்திருந்தது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் சும்மா குத்த வச்சுருக்க மாதிரிலா இருக்கு. பாக்குதவன் என்ன நெனப்பான்? பேச்சி பொழுதுக்கும் உக்காந்தே கெடந்தான்னு நெனப்பான். பணியில இருக்கேன்னு கீழ எழுது. எம் பேரையும் எழுது. தமிழ்ல எழுதணும், கேட்டியா."

பேச்சியம்மாளுக்கு எந்த மொழியிலும் எழுத்துத் தெரியாது. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமான மறுவருஷம் புருஷனோடு இங்கே வந்தவள். புருஷன் போய்ச் சேர்ந்தபிறகும் ஊருக்குத் திரும்பாமல் இருந்தவள். முப்பது வருஷம் மட்டாஞ்சேரியில் இருந்ததில் வேலை என்ற சொல் அவள் வாயிலிருந்து எப்போதோ போய்விட்டது. எல்லோரையும் போல அவளும் பணிக்குப் போனாள், பணி கழிந்து வந்தாள். இருந்தாலும் தன் பேர் தன் ஊர் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதம். அந்தப் பிடிவாதம் பிற்பாடு என்ன பாடு படுத்தப் போகிறதென்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

சுப்புராஜ் மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவன். ஐந்தாம் கிளாஸ் வரை மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்தை அவன் யாரிடமும் படிக்கவில்லை. அம்மா வீட்டில் மாட்டியிருந்த நாள்காட்டியையும் சினிமா போஸ்டரையும் பார்த்துப் பார்த்துத் தானாகவே பிடித்துக்கொண்டது. வேலை என்று எழுத வேண்டுமானால் அந்தக் காலத்து லை தலையில் தும்பிக்கை வைத்திருக்கும். அதைச் சுழற்ற அவனுக்கு வராது. பணி என்று எழுதிவிடலாம், இரண்டே எழுத்து. ஆனால் தமிழில் இந்த ணவுக்கு மூன்று சுழி, அந்த னவுக்கு இரண்டு சுழி என்கிற விஷயம் அவனுக்குத் தெரியாது. மலையாளத்து ண பார்ப்பதற்குக் கிட்டத்தட்டத் தமிழின் ரெண்டு சுழி ன போலவே இருக்கும். கை பழகிய எழுத்து கையோடு வந்தது. பணி என்று நினைத்துக்கொண்டு 'பனி' என்று எழுதினான். வாசித்துக் காட்டியபோது பணி என்றுதான் வாசித்தான். பேச்சியம்மாளுக்கும் அப்போதுதான் மனசு ஆறியது.

அந்தப் பழுப்புத் தாள் அடுத்த மழையில் நனைந்து கூழாகிவிட்டது. சுப்புராஜ் கோடு போடாத தடிமனான நோட்டு ஒன்று வாங்கினான். பிறகு அது அவன் தோள்பையை விட்டு இறங்கவேயில்லை. சாப்பாட்டு நேரத்தில் வரைந்தான், வைப்பினுக்குப் போகிற படகில் வரைந்தான், பள்ளுருத்தி வீட்டுக்குப் போகிற பஸ்ஸுக்காக நிற்கும்போது வரைந்தான். சுவரை வரைந்தால் அதில் ஒரு ஆள் சாய்ந்திருப்பார். ஆளில்லாத சுவர் அவன் நோட்டில் ஒன்றுகூடக் கிடையாது. வரைந்து முடித்ததும் முகத்துக்கு நேரே கேட்பான்: எங்கிருந்து வந்தீர்கள், எப்போது, எதற்கு. சொன்னதையெல்லாம் பக்கத்தின் பின்புறம் மலையாளத்தில் பொடி எழுத்தில் குறித்துக்கொள்வான். முன்புறம், படத்துக்கு அடியில், பேச்சியம்மாள் போட்ட சட்டப்படி பேர், கம்பெனி மார்க்கு, வருஷம், பணியில் இருந்தால் 'பனி' என்று ஒரு சொல், இது மட்டும் தமிழில்.

அப்படி அந்த நோட்டில் மட்டாஞ்சேரி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. கைவண்டி இழுக்கிற முகமது இஸ்மாயில், மலையாளக் கணக்கில் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, அதாவது 1924-ல், வந்த பெருவெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று தன் வாப்பா கோடவுன் தூணில் கீறி வைத்த கோட்டில் கையை வைத்தபடி நின்றார். கோடு அவர் மார்புக்கு மேலே இருந்தது. மூக்கம்மாள் செங்கோட்டைக் கணவாய் வழியாக நடந்தே வந்த கதையைச் சொல்லிக்கொண்டே சுக்கு பொறுக்கினாள். எந்தக் கோடவுனுக்கடியில் கிணறு மூடிக் கிடக்கிறது, எந்தப் படித்துறையில் எந்த வருஷம் வள்ளம் கவிழ்ந்தது என்பதெல்லாம் பக்கங்களின் முதுகில் ஏறின. முக்கோணக் கம்பெனியின் கிளார்க் பிச்சுமணி ஒருநாள் தானாகவே வந்து கேட்டார்.

பிச்சுமணி பாலக்காட்டுக்காரர். தமிழும் மலையாளமும் இங்கிலீஷும் எழுதுவார், மூன்றிலும் கையெழுத்து அச்சு வார்த்தது மாதிரி இருக்கும். பசாரில் எல்லோருக்கும் சாமி. அன்றைக்குப் புதிதாகச் சவரம் செய்துகொண்டு வந்து, பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, ஊர்ப்பட்ட பேரை வரையறாய், என்னை விட்டுட்டயே என்றார். சுப்புராஜ் வரைந்தான். கீழே எழுதியதைக் குனிந்து பார்த்துவிட்டு, எழுத்து தப்பாக்கும், சரி போட்டும், நன்னா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். எது தப்பு என்று அவர் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. அது 1978.

அடுத்த வருஷம் பேச்சியம்மாளை மறுபடி வரைந்தான். அதற்குள் கை தேறியிருந்தது. அதே வாசல், அதே தலைக்கட்டு, மடியில் முறம். கண் கோணவில்லை. அவள் இந்தத் தடவை ஒரு குறையும் சொல்லவில்லை. பணின்னு போட்டியா என்று மட்டும் கேட்டாள். போட்டேன் யக்கா என்றான்.

1981 ஜூனில் அவள் செத்தாள்.

மழை பத்து நாளாக விடவில்லை. கோடவுனுக்குள் தரை ஓதம் குடித்துக் கிடந்தது. மிளகுச் சாக்குகளை எட்டுக்கு மேல் அடுக்கக் கூடாது என்று மூட்டைக்காரர்களே சொன்னார்கள். கப்பல் வருகிறது, இடம் இல்லை, பன்னிரண்டு அடுக்கு என்று கம்பெனி சொன்னது. மழைச்சாரலுக்குப் பயந்து பெண்கள் வாசலை விட்டு உள்ளே வந்து, அந்த அடுக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் புடைத்தார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு அடுக்கு சரிந்தது. மற்றவர்கள் தெறித்து ஓடினார்கள். பேச்சியம்மாளுக்கு மடியில் முறம் இருந்தது, எழுந்திருக்க ஒரு நொடி கூடுதலாகப் பிடித்தது. சுப்புராஜும் இன்னும் நாலு பேரும் சாக்குகளை இழுத்துப் போட்டு அவளை எடுத்தபோது உயிர் இல்லை. மேலே கிடந்த சாக்குகளில் எல்லாம் அவன் கையால் போட்ட முக்கோணம்.

இதோடு நின்றிருந்தால் துக்கம். போலீஸ் வந்தபோது கம்பெனி சொன்னதுதான் அதை வேறாக்கியது. இந்தப் பெண்பிள்ளை எங்களிடம் பணி செய்கிறவள் இல்லை, எங்கள் புத்தகத்தில் இவள் பேர் இல்லை, மழைக்கு ஒதுங்குகிற சாக்கில் உள்ளே புகுந்து மிளகு திருட வந்தவள், மடியில் மிளகு இருக்கிறது பாருங்கள் என்றது. மிளகு புடைக்கிறவள் மடியில் மிளகு இல்லாமல் வைரமா இருக்கும்? புத்தகத்தில் பேர் இல்லையாம். கம்பெனியில் புடைத்தும் பொறுக்கியும் வந்த நாற்பது பெண்களில் ஒருத்தி பேராவது அந்தப் புத்தகத்தில் எழுதப்பட்டிருந்ததா? எழுதக் கூடாதென்றுதானே எழுதாமல் வைத்திருந்தார்கள். முப்பது வருஷம் மூச்சில் மிளகுத் தூசி ஏற்றிக்கொண்டவளைச் செத்த அன்றைக்கே கள்ளியாக்கினார்கள்.

போலீஸ் மற்றப் பெண்களைக் கேட்டது. தெரியாது என்றார்கள். மூக்கம்மாளும் தெரியாது என்றாள். சொல்லிவிட்டுச் சுப்புராஜின் முகத்தைப் பார்க்காமல் போனாள். அவளைக் கோபிக்க அவனுக்கு வாய் வரவில்லை. நாளைக்கு முறத்தைத் தூக்கிக்கொண்டு அவள் போக வேண்டிய வாசல் அதுதான். அவனையும்தான் கேட்டார்கள். நான் சாக்குக்கு மார்க்கு போடுகிறவன், புடைக்கிறவர்கள் கணக்கு எனக்குத் தெரியாது என்றான். இதை அவன் பிற்காலத்தில் யாரிடமும் மறைத்ததில்லை. தன் மேல் உள்ள கோபத்துக்கு அதைத்தான் முதல் காரணமாகச் சொல்வான்.

பேச்சியம்மாளுக்கு அம்மிணி என்று ஒரே மகள், அப்போது இருபத்திரண்டு வயது. பள்ளுருத்தியில் செம்மீன் என்கிற இறால் உரிக்கிற ஷெட்டில் இருந்தாள். அங்கே அவளை மிளகுக் கள்ளியின் மகள் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். மாலையில் போகும்போது அவள் பையை மட்டும் தனியாகத் திறந்து பார்த்தார்கள். ஒரு மாசம் பொறுத்தாள். பிறகு சுப்புராஜின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். லேபர் ஆபீசில் மனு கொடுத்திருப்பதாகச் சொன்னாள்.

"அண்ணே, எனக்கு அவங்க பைசா ஒண்ணும் வேண்டா. அம்ம கள்ளியில்லைன்னு எழுதித் தரணும். அது மதி, அதுவே போதும். உங்க புக்குல அம்ம படம் இருக்குன்னு அம்ம சொல்லியிருக்கு. இருக்கா?"

இருக்கிறது என்றான்.

விஷயம் கம்பெனிக்குத் தெரிய இரண்டு நாள்கூட ஆகவில்லை. பிச்சுமணி அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: புஸ்தகத்தைக் கொண்டுபோனால் உன் பணி போகும், அது உன் பாடு. ஆனால் அதில் முக்கோணம் போட்டு எத்தனை பொம்மனாட்டிகளை வரைந்து வைத்திருக்கிறாய்? அத்தனை பேரும் சாட்சி என்று நாளைக்கே எல்லோரையும் நிறுத்திவிடுவார்கள், யோசித்துக்கொள். அது மிரட்டலா, நிஜமான அக்கறையா என்று சுப்புராஜால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவர் அப்படித்தான், எல்லாவற்றையும் ஒரே சன்னமான குரலில் சொல்வார். சுப்புராஜ் யோசித்தான். நோட்டின் மற்றப் பக்கங்களைச் சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டி முடிச்சுப் போட்டான். பேச்சியம்மாள் பக்கத்தை மட்டும் வெளியே விட்டான். அந்த இறுக்கிய முடிச்சோடு படகேறி எர்ணாகுளம் போனான்.

லேபர் ஆபீசர் கமலாக்ஷி என்று ஒரு அம்மா. நரைத்த தலை, அளந்த பேச்சு. கம்பெனிக்கு ஒரு வக்கீல், பக்கத்தில் பிச்சுமணி. அம்மிணி ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சுப்புராஜ் படத்தை நீட்டியதும் ஆபீசரம்மா வாங்கி வெகுநேரம் பார்த்தார். முகம் யாருடையது என்பதில் சந்தேகம் இருக்கவில்லை, அம்மிணியின் கண்ணை ஒரு முறை பார்த்தாலே போதும். கீழே உள்ளது தமிழ், அவருக்குத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று மலையாளத்தில் கேட்டார். சுப்புராஜ் வாயைத் திறந்தான். வக்கீல் குறுக்கே விழுந்தார்: எழுதினவனே வாசித்தால் எப்படி, அவன் இஷ்டத்துக்கு வாசிப்பான், தமிழ் படித்த வேறொருவர் வாசிக்கட்டும். அந்த அறையில் தமிழ் முறையாகப் படித்தவர் ஒருவர்தான் இருந்தார். பிச்சுமணி எழுந்து வந்தார்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பார்த்தார். பேச்சியம்மாள் என்று வாசித்தார். முக்கோணம் என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "பனி" என்றார்.

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். ஆபீசரம்மா நிமிர்ந்தார். சுகமில்லாமல் இருந்தாளா என்று கேட்டார். பிச்சுமணி இல்லையென்று சொல்லவில்லை. ஆமென்றும் சொல்லவில்லை. தலையைக் கொஞ்சம் கவிழ்த்தார், அவ்வளவுதான். வக்கீலுக்கு அது போதும். பாருங்கள், தலையோடு மூக்கையும் மூடிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், காய்ச்சல்காரி, பாவம் என்று வாசலில் உட்கார விட்டிருக்கிறார்கள், இந்த மனுஷனே கைப்பட எழுதியிருக்கிறான், இதில் வேலை எங்கே இருக்கிறது என்று அடுக்கினார். மடியில் முறம் இருக்கிறதே என்றாள் அம்மிணி. சிந்திய மிளகை அள்ளிப் போகக் கொண்டுவந்த முறம் என்றார் வக்கீல்.

சுப்புராஜ் எழுந்து கத்தினான். அது பனி இல்லை, பணி, பணி என்று மேசையைத் தட்டிச் சொன்னான். எனக்கு எழுதத் தெரியவில்லை, சாமிக்குத் தெரியும், அவருக்கு நன்றாகத் தெரியும் என்றான். பிச்சுமணி அவனைப் பார்க்காமல், எழுதியிருக்கறதைத்தானே நான் வாசிச்சேன் என்றார். அது பொய்யும் இல்லை. ஒரு சொட்டுப் பொய் கலக்காமல் ஒரு மனுஷியை இரண்டாம் தடவை சாகடிக்க முடியும் என்று சுப்புராஜ் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தான். ஆபீசரம்மா அவனை உட்காரச் சொன்னார். எழுத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் தன்னால் எடுக்க முடியும் என்றார். பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் அவனுக்கு அந்தப் பக்கம் நினைவுக்கு வந்தது. சணல் முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தான். பெண்களின் பக்கங்களை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டே தள்ளினான். புதிதாகச் சவரம் செய்த முகமும் காதில் பேனாவுமாக இருந்த பக்கத்தைத் திறந்து, ஆபீசரம்மா முன்னால் வைத்தான். இதையும் சாமியே வாசிக்கட்டும் அம்மா, எழுதியிருக்கிறதை எழுதியிருக்கிறபடி என்றான்.

ஆபீசரம்மா படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், நோட்டை அவர் பக்கம் நகர்த்தினார். பிச்சுமணி கையில் எடுத்தார். தன் முகத்தைப் பார்த்ததும் அனிச்சையாக, தினமும் சொல்லிப் பழகிய சொல்லைச் சொல்வது போலச் சொன்னார்:

"பிச்சுமணி."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அங்கே எழுதியிருந்தது 'பிச்சுமனி'. ரெண்டு சுழி.

அடுத்தது என்ன என்று கேட்டார் ஆபீசரம்மா. பிச்சுமணி கையிலிருந்த நோட்டின் ஓரம் படபடவென்று ஆடியது. ஆபீசரம்மா அதை வாங்கி, இரண்டு பக்கங்களையும் மாற்றி மாற்றித் திருப்பினார். பிச்சுமணி பேரின் கடைசி எழுத்தில் ஒரு விரலை வைத்தார். அதே பக்கத்தில் இருந்த 'பனி' என்ற சொல்லின் கடைசி எழுத்தில் வைத்தார். பிறகு பேச்சியம்மாள் பக்கத்துக்குப் போய் அங்கே வைத்தார். தமிழ் தெரியாத அந்த அம்மாவுக்கு அது மூன்றும் ஒரே எழுத்து என்பது தெரிந்தது. அது தன் சொந்த மொழியின் ண என்பதும் தெரிந்தது.

"இது நம்முடெ ண அல்லே?" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு பிச்சுமணியை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "ஆ திவசம் நிங்ஙள்க்கும் பனி ஆயிருந்நோ?" அன்றைக்கு உங்களுக்கும் காய்ச்சலா என்று.

பிச்சுமணி உட்கார்ந்துவிட்டார். வக்கீல் என்னவோ பேசினார். ஆபீசரம்மா அதையும் எழுதிக்கொண்டார்.

உத்தரவு வர ஏழு மாதம் ஆனது. பேச்சியம்மாள் அந்தக் கம்பெனியின் தொழிலாளி, பணி இடத்தில் பணி நேரத்தில் இறந்தாள் என்று மலையாளத்தில் மூன்று வரி. கம்பெனி மேலே கொண்டுபோனது, அலைந்தது, இழுத்தடித்தது. தொழிலாளி என்ற அந்தச் சொல்லை மட்டும் எவனாலும் அழிக்க முடியவில்லை. அம்மிணி தாளை மடித்து ஷெட்டுக்கு எடுத்துப் போனாள். பையைத் திறந்து காட்டச் சொன்னபோது அதை எடுத்து மேஸ்திரியின் கையில் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொன்னாள். அவன் வாசித்தான். அதற்குப் பிறகு அவள் பையை யாரும் திறக்கவில்லை.

சுப்புராஜின் பணி, உத்தரவு வரும் முன்பே போய்விட்டது. பெண்களை யாரும் தொடவில்லை, கட்டு அவிழ்த்த நோட்டு ஆபீசரம்மாவின் பூட்டுக்குள்ளேயே இருந்ததால் தங்கள் பக்கம் கம்பெனிக்காரர் கண்ணில் படவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மூக்கம்மாள் ஒரு பொட்டலம் சுக்கைக் கொண்டுவந்து அவன் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அவன் வைப்பின் கரையில் மீன் வள்ளங்களுக்குப் பேர் எழுதவும் நம்பர் எழுதவும் போனான். முக்கோணம் போட்ட கையைக் கழுவிவிட்ட மாதிரி இருந்தது என்பான். கோபம் கழுவப்படவில்லை.

நோட்டு திரும்பி வந்தபோது பேச்சியம்மாள் பக்கத்தின் ஓரத்தில் ஆபீஸ் முத்திரை இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மிணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அதற்குள் யாரையோ கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தான். மெல்லிய பிரஷ்ஷை மையில் தொட்டு, அவள் அம்மாவின் படத்துக்குக் கீழே இருந்த எழுத்துக்கு மூணாவது சுழியை வைத்தான். பிறகு மூக்கம்மாளுக்கு, இஸ்மாயிலுக்கு, படகுக்காரருக்கு, சாயாக்கடைக்காரருக்கு என்று நூற்று நாற்பதுக்கும் மேலே பக்கங்கள். மத்தியானம் ஆகிவிட்டது. அம்மிணி மை காயக் காயப் பக்கம் திருப்பினாள். ஒரு பக்கம் வந்ததும் அவன் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டான். அவளும் கேட்காமல் அதைத் திருப்பினாள்.

1984-ல் ஒருநாள் படகுத்துறைச் சாயாக்கடையில் பிச்சுமணி வந்து எதிரே உட்கார்ந்தார். ஓய்வு பெற்றிருந்தார், ஆள் பாதியாகியிருந்தார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு நோட்டை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டார். சுப்புராஜ் எடுத்துக் கொடுத்தான். அவர் நிதானமாகப் பக்கங்களைத் திருப்பினார். ஒவ்வொரு பேருக்கும் அடியில் பணி, பணி, பணி என்று மூன்று சுழியோடு இருந்ததைப் பார்த்தார். தன் பக்கத்துக்கு வந்து நின்றார்.

"எல்லாருக்கும் திருத்தியிருக்காய். எனக்கு மட்டும் அப்படியே கெடக்கு. நாளைக்கு என் பேரன் பார்த்தால் என்ன நெனைப்பான்? ஒரு சுழிதானேடா. போட்டுடேன்."

கெஞ்சலாகத்தான் கேட்டார். சுப்புராஜ் அவர் கையைப் பார்த்தான். வயசான கை. ஒரு நொடி அவனுக்கு மனசு இளகவும் செய்தது. அப்போது முறத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் போனவளின் நினைவு வந்தது.

"மத்தவங்களுக்கு நான் எழுதினது தப்பு சாமி, அதனால திருத்தினேன். உங்களுக்கு அது சரியாத்தான் இருக்கு. உங்களுக்குப் பனிதான். அன்னைக்கு ஆபீசுல உங்க கை நடுங்கினதை நான் பார்த்தேனே."

நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு படகுக்குப் போனான்.